விசா முடியும் திகதிக்கு முன்: யேர்மனியில் வதிவிட அனுமதியை நீட்டிப்பது எப்படி?

புலம்பெயர்ந்த எங்கள் வீடுகளில் சாமிப்படத்துக்கு அடுத்தபடியாகப் பத்திரமாக இருப்பது ஒரு கோப்பு. மொழிபெயர்த்த பிறப்புப் பத்திரம், திருமணப் பதிவு, முகாமில் தந்த முதல் கடதாசி, பழைய சம்பளத் துண்டுகள் எல்லாம் அதற்குள் இருக்கும். யேர்மனிக்கு வந்து முப்பது ஆண்டுகள் ஆனவர்களும் அந்தக் கோப்பை எறிவதில்லை. எப்போது எந்தக் கடதாசியைக் கேட்பார்கள் என்று தெரியாது என்ற பயம் இன்னும் எங்களை விட்டுப் போகவில்லை.

ஆனால் கோப்பைக் காத்த நாங்களே திகதியைக் கோட்டை விட்டோம். எங்கள் வீட்டில் அப்பாவின் வதிவிட அட்டை ஒரு நவம்பர் மாதத்தில் முடிய இருந்தது. ஒக்டோபரிலேயே நேரம் கேட்டோம். பெப்ரவரியில்தான் நேரம் கிடைத்தது. நேரம் தந்த மின்னஞ்சல் கையில் இருக்கிறதே, அது போதும் என்று இருந்துவிட்டோம். டிசம்பர் தொடக்கத்தில் வேலைத்தளத்தில் புதிய அட்டையைக் கேட்டார்கள். இல்லை என்றதும், கடதாசி வரும்வரை வேலைக்கு வரவேண்டாம் என்றார்கள். ஆறு வாரம் சம்பளம் இல்லை. அந்த ஆறு வாரமும் அப்பா வழக்கம்போலக் காலை நான்கு மணிக்கு எழும்பி, குசினிக் கதிரையில் இருந்தார்.

அப்போது நாங்கள் கற்ற பாடம் ஒன்றுதான். நேரம் எடுப்பது வேறு, விண்ணப்பிப்பது வேறு. திகதி முடிவதற்கு முன் எழுத்தில் விண்ணப்பித்தவருக்குச் சட்டம் துணை நிற்கும். நேரத்தை மட்டும் கையில் வைத்திருப்பவர் தனது பக்கத்தைத் தானே நிரூபிக்க வேண்டி வரும். எங்களைப்போல வேறொரு குடும்பம் அல்லற்படக் கூடாது என்பதற்காக, நீட்டிப்பு விடயத்தில் நாம் அறிந்திருக்க வேண்டியவற்றை இங்கே தொகுத்துத் தருகிறோம்.

உங்கள் கையில் இருப்பது எது?

எண்பதுகளில் கிழக்கு பேர்லின் வழியாக வந்திறங்கிய காலத்திலிருந்து நாம் எல்லாக் கடதாசியையும் "விசா" என்றே சொல்லிப் பழகிவிட்டோம். ஆனால் யேர்மன் சட்டத்தில் இவை வெவ்வேறானவை. நீட்டிக்கும் முறையும் வெவ்வேறு.

முதலாவது, குறுகிய கால ஷெங்கன் விசா. பிள்ளைகளைப் பார்க்க ஊரிலிருந்து வரும் அம்மா அப்பாவுக்குக் கிடைப்பது இது. எந்த 180 நாட்களை எடுத்தாலும் அதற்குள் 90 நாட்கள் மட்டுமே தங்கலாம். கடும் நோய் போன்ற விதிவிலக்கான காரணம் இல்லாமல் இதை நீட்ட மாட்டார்கள். கீழே நாம் சொல்லப்போகும் பாதுகாப்பும் இதற்கு இல்லை.

இரண்டாவது, "டி" வகை எனப்படும் நீண்டகாலத் தேசிய விசா. கணவனிடமோ மனைவியிடமோ வந்து சேர்பவர்களுக்கும், படிக்கவும் வேலைக்கும் வருபவர்களுக்கும் தூதரகம் ஒட்டித் தருவது இது. பெரும்பாலும் சில மாதங்களே செல்லும். அது முடிவதற்கு முன் இங்குள்ள வெளிநாட்டவர் அலுவலகத்தில் வதிவிட அனுமதிக்கு விண்ணப்பிக்க வேண்டும்.

மூன்றாவது, வதிவிட அனுமதி (அவுபென்ட்கால்ட்ஸ்எர்லவுப்னிஸ்). அகதி அந்தஸ்துப் பெற்றவர்கள், குடும்பமாக இணைந்தவர்கள், வேலைக்கு வந்தவர்கள் எனப் பலரிடமும் இருக்கும் அட்டை இதுதான். இதற்கு முடிவுத் திகதி உண்டு. இந்தக் கட்டுரை முக்கியமாக இதைப் பற்றியது.

நான்காவது, நிரந்தர வதிவிட அனுமதி (நீடர்லாசுங்ஸ்எர்லவுப்னிஸ்). இதன் உரிமை முடிவதில்லை. அட்டையில் உள்ள திகதி அட்டைக்கு மட்டுமே உரியது. ஆகவே புது அட்டை எடுத்தால் போதும்.

இவை தவிர, புகலிடக் கோரிக்கை விசாரணையில் இருப்பவருக்குத் தரும் கெஸ்டாட்டுங், நாடுகடத்தலைத் தற்காலிகமாக நிறுத்தி வைக்கும் டுல்டுங் ஆகிய இரண்டும் உண்டு. இவை வதிவிட அனுமதி அல்ல. இவற்றையும் நேரத்துக்குப் புதுப்பிக்க வேண்டும், ஆனால் விதிகள் வேறு. டுல்டுங்கில் பல ஆண்டுகள் கழித்தவர்கள் ஒன்றை அறிந்திருக்க வேண்டும். ஆறு ஆண்டுகள் இங்கே வாழ்ந்து, அல்லது வயது வராத பிள்ளையுடன் நான்கு ஆண்டுகள் வாழ்ந்து, மொழியும் வருமானமும் ஓரளவு இருந்தால், வதிவிடச் சட்டத்தின் 25பி பிரிவின்கீழ் அனுமதி கேட்க வழி உண்டு.

சட்டம் எங்கே துணை நிற்கிறது?

வதிவிடச் சட்டத்தின் 81ஆம் பிரிவு, 4ஆம் பந்தியை ஒவ்வொரு குடும்பமும் மனதில் வைத்திருக்க வேண்டும். அனுமதி முடிவதற்கு முன் நீட்டிப்புக் கேட்டால், அலுவலகம் முடிவெடுக்கும்வரை பழைய அனுமதி தொடர்ந்து செல்லுபடியாகும் என்று அது சொல்கிறது. வேலை செய்யும் உரிமை முன்பு எப்படி இருந்ததோ அப்படியே தொடரும். அலுவலகத்தில் ஆட்கள் இல்லை, கோப்பு மேசையில் கிடக்கிறது, நேரம் ஐந்து மாதம் கழித்துத்தான் என்ற எதுவும் அந்த உரிமையைக் குறைக்காது.

அந்த உரிமையை வெளியாருக்குக் காட்டும் கடதாசிதான் பிக்சியோன்ஸ்பெஷைனிகுங். விண்ணப்பம் கிடைத்துள்ளது, அனுமதி தொடர்கிறது என்பதற்கான சான்றிதழ் இது. கட்டணம் 13 யூரோ. உரிமை சட்டத்திலிருந்து வருகிறது, இந்தக் கடதாசி அதற்குச் சாட்சி மட்டுமே. ஆனாலும் முதலாளிக்கும் சமூக உதவி அலுவலகத்துக்கும் வீட்டு உரிமையாளருக்கும் சாட்சி தேவைப்படும். ஆகவே நீட்டிப்புக் கேட்கும்போதே இதையும் கேட்டு எழுதுங்கள்.

கடதாசி கைக்கு வந்ததும் உள்ளே எந்தப் பெட்டியில் அடையாளம் போட்டிருக்கிறார்கள் என்று பாருங்கள். மூன்று பெட்டிகள் இருக்கும். 81ஆம் பிரிவின் 4ஆம் பந்தி என்று எழுதிய மூன்றாவது பெட்டியில் அடையாளம் இருந்தால், பழைய அட்டையும் கடவுச்சீட்டும் சேர வெளிநாடு போய்த் திரும்பி வரலாம். முதற் பெட்டியில் இருந்தால் இங்கே இருக்கலாம், ஆனால் வெளியே போனால் அதைக்கொண்டு திரும்ப நுழைய முடியாது. செத்த வீட்டுக்கு அவசரமாக லண்டனுக்கோ ஊருக்கோ ஓட வேண்டி வரும்போதுதான் பலர் இந்தப் பெட்டியைப் பார்க்கிறார்கள். வாங்கிய அன்றே பாருங்கள்.

எப்போது, எப்படி விண்ணப்பிப்பது?

திகதிக்கு மூன்று மாதம் முன்பே வேலையைத் தொடங்குங்கள். நேரம் கேளுங்கள். நேரம் எப்போது கிடைத்தாலும், திகதிக்கு ஆறு அல்லது எட்டு வாரம் முன்னதாக எழுத்தில் விண்ணப்பத்தைக் கொடுத்துவிடுங்கள். நகரத்தின் இணையப் படிவம் இருந்தால் அதை நிரப்பி, கிடைத்தமைக்கான உறுதிச் செய்தியை அச்செடுத்து வையுங்கள். படிவம் இல்லாவிட்டால் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். மின்னஞ்சல் அனுப்பினாலும் தபாலையும் சேர்த்து அனுப்புவது நல்லது. அனுப்பிய கடிதத்தின் பிரதியும் தபால் துண்டும் கோப்புக்குள் இருக்க வேண்டும்.

கடிதம் நீளமாக இருக்கத் தேவையில்லை. பெயர், பிறந்த திகதி, விலாசம், அட்டை இலக்கம், அட்டை முடியும் திகதி, நீட்டிப்புக் கேட்கிறேன் என்ற வசனம், பிக்சியோன்ஸ்பெஷைனிகுங் தரும்படி ஒரு வசனம், கையெழுத்து. குடும்பத்தில் நால்வர் என்றால் நால்வரின் பெயரும் வேண்டும். அப்பாவுக்கு எழுதியது பிள்ளைக்குச் செல்லாது. ஏதாவது ஒரு கடதாசி குறைகிறது என்பதற்காக விண்ணப்பத்தைத் தாமதிக்க வேண்டாம். குறைவதைப் பிறகு அனுப்பலாம். போன திகதியைத் திரும்பப் பெற முடியாது.

வழக்கமாகக் கேட்பவை இவை: செல்லுபடியாகும் கடவுச்சீட்டு அல்லது பயண ஆவணம், கடைசி மூன்று மாதச் சம்பளத் துண்டு, வேலை ஒப்பந்தம், வாடகை ஒப்பந்தம், மருத்துவக் காப்புறுதிச் சான்று, விலாசப் பதிவு. 2025 மே 1 முதல் கடதாசிப் படம் பொதுவாக எடுபடாது. அலுவலகத்திலேயே எடுக்க வேண்டும், அல்லது அனுமதி பெற்ற படப்பிடிப்பாளர் மின்வழியில் அனுப்ப வேண்டும். ஆறு வயது நிறைந்த பிள்ளைகளிடம் கைரேகை எடுப்பார்கள் என்பதால் அவர்களையும் கூட்டிப் போக வேண்டும்.

மூன்று மாதத்துக்கு மேற்பட்ட நீட்டிப்புக்குக் கட்டணம் 93 யூரோ. வயது வராத பிள்ளைகளுக்குப் பாதி. அகதி அந்தஸ்துப் பெற்றவர்களுக்கும், சமூக உதவிப் பணத்தில் வாழ்பவர்களுக்கும் விலக்கு உண்டு. கேட்காமல் காசைக் கட்டிவிட வேண்டாம். அட்டை பேர்லினில் அச்சாகி வரச் சில வாரங்கள் செல்லும்.

வீடு மாறினால் கோப்பும் மாறும். புது நகரத்து அலுவலகத்துக்குப் பழைய கோப்பு போய்ச் சேர மாதக்கணக்கு ஆகலாம். நீட்டிப்பு நெருங்கும் நேரத்தில் இடம் மாறுபவர்கள் இதையும் கணக்கில் எடுங்கள்.

கடவுச்சீட்டுச் சிக்கல்

எங்கள் சனத்திடையே அதிகம் குழப்பம் வருவது இங்கேதான். அகதி அந்தஸ்துப் பெற்று நீலநிறப் பயண ஆவணம் வைத்திருப்பவர் இலங்கைத் தூதரகத்துக்குப் போய்க் கடவுச்சீட்டு எடுக்கக் கூடாது. அப்படி எடுத்தால், சொந்த நாட்டின் பாதுகாப்பைத் திரும்ப ஏற்றுக்கொண்டதாகக் கருதி, அந்தஸ்தை மீளப்பெறும் விசாரணை தொடங்கலாம். ஊருக்குப் போய்வருவதும் அதே ஆபத்தைத் தரும். 2024 இறுதியில் வந்த சட்ட மாற்றத்துக்குப் பின், தவிர்க்க முடியாத தார்மீகக் கடமை போன்ற காரணம் இல்லாமல் சொந்த நாட்டுக்குப் போனால், பாதுகாப்புத் தேவையில்லை என்றே முதலில் கருதப்படும். தாயோ தகப்பனோ கடும் வருத்தம் என்றால், புறப்படும் முன் அலுவலகத்துக்கு அறிவித்து, சட்டத்தரணியிடமும் கேட்டு, மருத்துவக் கடிதத்தைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

குடும்ப இணைவிலோ வேலையிலோ வந்தவர்களின் நிலை நேர்மாறானது. அவர்களுக்குச் செல்லுபடியாகும் இலங்கைக் கடவுச்சீட்டு இருக்க வேண்டியது கடமை. கடவுச்சீட்டு முடியும் திகதிக்கு அப்பால் அட்டை தருவதில்லை என்பதே பொதுவான நடைமுறை. ஆகவே அட்டைக்கு முன் கடவுச்சீட்டைப் பாருங்கள். பேர்லின் தூதரகத்தில் விண்ணப்பித்தால், விண்ணப்பித்த சான்றையும் அலுவலகத்துக்குக் கொடுங்கள்.

கணவனின் கையில் இருக்கிறதா மனைவியின் விசா?

திருமணம் செய்து வந்த பெண்களிடம் இன்னும் ஒரு பயமுறுத்தல் சொல்லப்படுகிறது: "நான் ஒரு கடிதம் போட்டால் உன்னை ஊருக்கு அனுப்புவார்கள்." இது முழு உண்மையல்ல. இங்கே மூன்று ஆண்டுகள் சட்டப்படி சேர்ந்து வாழ்ந்திருந்தால், 31ஆம் பிரிவின்படி அவருக்குத் தனித்த வதிவிட உரிமை உண்டு. வீட்டில் அடி உதை, கொடுமை என்றால் மூன்று ஆண்டு நிறையத் தேவையில்லை. கடும் இன்னலுக்கான விதிவிலக்கு அதற்காகவே இருக்கிறது. மருத்துவச் சான்று, பொலிஸ் முறைப்பாடு, நம்பிக்கையானவரின் சாட்சி ஆகியவை உதவும். பெண்களுக்கான உதவித் தொலைபேசி 116 016 இரவு பகலாக இலவசம். நீட்டிப்புக் கடதாசியில் கையெழுத்து வேண்டும் என்பதற்காக எந்தப் பெண்ணும் அடி வாங்கிக்கொண்டு இருக்க வேண்டியதில்லை. இதை எங்கள் கோயில்களிலும் தமிழ்ப் பாடசாலை வாசல்களிலும் உரக்கச் சொல்ல வேண்டும்.

பிள்ளை பிறந்தால், நீண்ட நாள் வெளியே போனால்

யேர்மன் குடியுரிமை இல்லாமல் இங்கே பிறக்கும் பிள்ளைக்கு, பிறந்து ஆறு மாதத்துக்குள் வதிவிட அனுமதி கேட்க வேண்டும். பிறப்புப் பதிவு செய்தாயிற்றே என்று இருந்துவிடக் கூடாது.

ஓய்வெடுத்த பெற்றோர் ஊரில் ஏழெட்டு மாதம் நின்றுவருவது இப்போது கூடிவருகிறது. ஆறு மாதத்துக்கு மேல் யேர்மனிக்கு வெளியே நின்றால் வதிவிட அனுமதி தானாகவே அற்றுப் போகும். அட்டையில் இன்னும் இரண்டு ஆண்டு இருந்தாலும் பயனில்லை. கூடிய காலம் தேவை என்றால் புறப்படும் முன் அலுவலகத்தில் எழுத்தில் அனுமதி கேட்க வேண்டும். நிரந்தர அனுமதியுடன் 15 ஆண்டுகள் சட்டப்படி வாழ்ந்து, வாழ்வுக்குப் போதிய வருமானம் உள்ளவர்களுக்கு இதில் விலக்கு உண்டு. அதையும் புறப்படும் முன் எழுத்தில் உறுதிப்படுத்திச் சான்று வாங்கிக்கொள்ளுங்கள்.

திகதி போய்விட்டால், அல்லது மறுத்துவிட்டால்

திகதி போய்விட்டது என்று ஒளிந்திருக்க வேண்டாம். அன்றே விண்ணப்பியுங்கள். பிந்திய விண்ணப்பத்திலும், பெரும் இன்னலைத் தவிர்க்கப் பழைய அனுமதி தொடர்வதாக அலுவலகம் கட்டளையிடலாம் என்று அதே 81ஆம் பிரிவு சொல்கிறது. எங்கள் அப்பாவை மீட்டது இந்த வசனம்தான். ஆலோசனை நிலையத்தில் இருந்த ஒரு பெண், ஒக்டோபரில் நேரம் கேட்ட மின்னஞ்சலை இணைத்து, இவர் அலட்சியமாக இருக்கவில்லை என்று ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுத்தார். ஜனவரி நடுவில் கடதாசி வந்தது, அப்பா வேலைக்குத் திரும்பினார்.

மஞ்சள் உறையில் வரும் கடிதத்தை உடனே பிரியுங்கள். தபாற்காரர் அந்த உறையின்மேல் திகதி எழுதியிருப்பார். கையெழுத்து வாங்காமல் பெட்டியில் போட்டிருந்தாலும் காலக்கெடு அந்தத் திகதியிலிருந்து ஓடத் தொடங்கும். உறையை எறிய வேண்டாம், அதுவே சான்று. மறுப்பு என்றால் மேன்முறையீட்டுக்கு வழக்கமாக ஒரு மாதமே உண்டு. அதோடு, நீட்டிப்பு மறுப்புக்கு எதிராக மேன்முறையீடு செய்வதால் மட்டும் வெளியேற்றம் தானாக நிற்காது. நிர்வாக நீதிமன்றத்தில் அவசர விண்ணப்பமும் போட வேண்டும். ஆகவே அந்த வாரமே சட்டத்தரணியிடம் போங்கள். வருமானம் குறைந்தவர்கள் பல மாநிலங்களில் உள்ளூர் நீதிமன்றத்தில் ஆலோசனை உதவிச் சீட்டு வாங்கினால், சட்டத்தரணிக்கு 15 யூரோ கொடுத்தால் போதும். மறுப்பும் இல்லை, பதிலும் இல்லை என்றால், மூன்று மாதத்துக்குப் பின் தகுந்த காரணமின்றித் தாமதிக்கும் அலுவலகத்துக்கு எதிராக வழக்கிடவும் வழி உண்டு.

படிவம் நிரப்ப இருநூறு முந்நூறு யூரோ கேட்கும் ஆட்கள் எங்களுக்குள்ளும் இருக்கிறார்கள். காரித்தாஸ், டியாகோனி, ஏ.வி.ஓ. போன்ற நிறுவனங்களின் குடிவரவு ஆலோசனை இலவசம். 27 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு இளையோர் ஆலோசனை நிலையங்கள் தனியாக உண்டு. பள்ளிக்கூடம் போகும் பிள்ளையை மொழிபெயர்ப்பாளராக்கி, அலுவலகக் கதிரையில் இருத்தி, குடும்பத்தின் பயத்தை எல்லாம் அதன் தலையில் ஏற்றுவதை இனியாவது குறைத்துக்கொள்வோம்.

நீட்டிக்கொண்டே இருக்க வேண்டுமா?

ஒவ்வொரு முறையும் நீட்டிப்பதோடு நின்றுவிட வேண்டாம். ஐந்து ஆண்டு அனுமதி, 60 மாத ஓய்வூதியக் காப்புறுதி, பி1 மொழித் தகுதி, சொந்த வருமானம் இருந்தால் நிரந்தர அனுமதி கேட்கலாம். அகதி அந்தஸ்துள்ளவருக்கு நிபந்தனை இலகு. ஏ2 மொழியும் பெருமளவு சொந்த வருமானமும் இருந்தால் ஐந்து ஆண்டில் கேட்கலாம். அவருக்குப் புகலிட விசாரணைக் காலமும் அந்த ஆண்டுகளில் சேரும்.

2024 ஜூன் 27 முதல் குடியுரிமைக்கும் ஐந்து ஆண்டுகள் போதும். பழைய குடியுரிமையைத் துறக்கும்படி யேர்மனி கேட்பதில்லை. கட்டணம் 255 யூரோ. பெற்றோருடன் சேர்ந்து பெறும் பிள்ளைகளுக்கு 51 யூரோ. ஆனால் வேறு நாட்டுக் குடியுரிமை எடுப்பவர் இலங்கைக் குடியுரிமையை இழப்பார் என்பது இலங்கைச் சட்டம். ஊரில் காணி, வீடு உள்ளவர்கள் இரட்டைக் குடியுரிமைக்குத் தனியே விண்ணப்பிப்பதைப் பற்றி முன்கூட்டியே யோசியுங்கள். தாய் தகப்பனில் ஒருவர் ஐந்து ஆண்டு சட்டப்படி வாழ்ந்து நிரந்தர உரிமையும் வைத்திருந்தால், அதன்பின் இங்கே பிறக்கும் பிள்ளை பிறப்பிலேயே யேர்மன் பிரசை. அந்தப் பிள்ளைக்கு இந்தக் கோப்பே தேவைப்படாது.

சட்டம் அடிக்கடி மாறுகிறது. கட்டணமும் ஆண்டுக் கணக்கும் மாறலாம், ஆகவே விண்ணப்பிக்கும் முன் ஆலோசனை நிலையத்தில் ஒருமுறை சரிபாருங்கள். ஆனால் திகதிக்கு முன் எழுத்தில் கேட்பது எப்போதும் நல்லது.

இன்றிரவு கோப்பைத் திறந்து, வீட்டிலுள்ள எல்லோருடைய அட்டையையும் கடவுச்சீட்டையும் மேசையில் பரப்புங்கள். முதலில் முடிவது யாருடையது என்று பாருங்கள். அந்தத் திகதிக்கு மூன்று மாதம் முன்னுள்ள நாளைத் தமிழ்க்கடை நாட்காட்டியில் சிவப்பு மையால் வட்டமிடுங்கள். எங்கள் வீட்டு நாட்காட்டியில் இப்போது அந்த வட்டத்தை அப்பாவே போடுகிறார்.